ஹாலோவீனை மறுப்போம், உண்மையான காரணத்தோடு மறுப்போம்

 

அக்டோபர் மாதத்தின் கடைசி வாரம் நெருங்கும்போதெல்லாம் நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுமங்களில் சில செய்திகள் தவறாமல் வலம் வருகின்றன. அக்டோபர் 31 ஷைத்தானின் பிறந்தநாள் என்பது ஒன்று. அன்றிரவு அந்நியர்கள் தரும் மிட்டாயில் நஞ்சும் சவர பிளேடும் மறைத்து வைக்கப்படுகின்றன என்பது மற்றொன்று. லண்டனிலும் நியூஜெர்சியிலும் பிள்ளை வளர்க்கும் நம் சகோதரிகள் இவற்றை அச்சத்தோடு படிக்கிறார்கள். படித்ததை அப்படியே பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். ஹாலோவீன் கொண்டாட்டத்தில் முஸ்லிம் குடும்பங்கள் பங்கேற்கக் கூடாது என்பதே நமது நிலைப்பாடும். ஆயினும், ஒன்றை மறுப்பதற்குச் சொல்லும் காரணம் உண்மையானதாக இருக்க வேண்டும். பத்து வயதில் நம் சொல்லை நம்பும் பிள்ளை, பதினைந்து வயதில் தானே தேடிப் படிக்கும். அன்று வாப்பா சொன்னது கட்டுக்கதை என்று தெரியவந்தால், ஹாலோவீனைப் பற்றிச் சொன்னதை மட்டுமா அப்பிள்ளை ஐயுறும்?

ஆகவே முதலில் அந்த நாளின் வரலாற்றைப் பார்ப்போம். புனிதர்கள் அனைவரையும் நினைவுகூரும் கிறிஸ்தவத் திருநாளுக்கு முந்தைய மாலை என்பதே ‘ஹாலோவீன்’ என்ற சொல்லின் பொருள். மேற்கத்தியத் திருச்சபை 9ஆம் நூற்றாண்டில் அத்திருநாளை நவம்பர் 1ஆம் தேதியில் நிலைநிறுத்தியது. அதற்கு மறுநாள், இறந்தோரின் ஆன்மாக்களுக்காக வேண்டும் நாள். இதே பருவத்தில் அயர்லாந்தில் குளிர்காலத் தொடக்கத்தைக் குறிக்கும் ‘சௌவின்’ என்ற பழைய விழாவும் இருந்தது. அவ்விழாவில் என்ன நடந்தது என்பது பற்றி இன்று சொல்லப்படும் பயங்கரக் கதைகளுக்குப் போதிய சான்று இல்லை. அதை இறந்தோருக்கான விழா என்று உறுதியாகச் சொல்லக்கூட ஆதாரம் போதாது என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1996இல் வெளிவந்த தம் நூலில் காட்டியிருக்கிறார். ஷைத்தானின் பிறந்தநாள் என்ற பேச்சுக்கோ அந்த வரலாற்றில் எங்குமே இடமில்லை.

அப்படியானால் நாம் மறுப்பதற்குக் காரணமே இல்லையா? இருக்கிறது. கட்டுக்கதைகளைவிட வலுவான காரணங்கள் பதிவான வரலாற்றிலேயே இருக்கின்றன. இடைக்கால இங்கிலாந்தில் அந்நாட்களில் ஏழைகள் வீடு வீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தவர்களுக்காகத் தொழுது, அதற்கு ஈடாகச் சிறு அப்பங்களைப் பெற்றார்கள். அந்த அப்பத்துக்கு ‘ஆன்ம அப்பம்’ என்றே பெயர். உத்தரிக்கும் தலத்தில் துன்புறும் ஆன்மாக்களைப் பிறருடைய வேண்டுதல் விடுவிக்கும் என்ற நம்பிக்கையில் பிறந்த வழக்கம் அது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அந்த இரவு குறி பார்க்கும் இரவாகவே இருந்தது. காதலர் இருவரின் பெயரால் இரண்டு கொட்டைகளை அடுப்பிலிட்டு, அவை அமைதியாக எரிகின்றனவா, வெடித்துச் சிதறுகின்றனவா என்று பார்ப்பார்கள். ஆப்பிள் தோலை அறுபடாமல் சீவித் தோளுக்குப் பின்னால் எறிந்து, அது விழும் வடிவத்தில் வருங்காலக் கணவனின் பெயரெழுத்தைத் தேடுவார்கள். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய ‘ஹாலோவீன்’ என்ற நீள்கவிதை முழுவதும் இத்தகைய குறி பார்த்தலைப் பற்றியதுதான். மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே என்பது நம் ஈமானின் அடிப்படை. குறி கேட்பதை நபி (ஸல்) அவர்கள் எத்துணைக் கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் மதரஸாவிலேயே படித்திருப்பார்கள். இந்த ஒரு காரணம் போதும். ஷைத்தானுக்குப் பிறந்தநாள் கற்பிக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

இனி, அந்நாட்டவர் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு வருவோம். பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்கள் அவ்வூர்ப் பேச்சையும், அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்கள் அவ்வூர்ப் பேச்சையும் தம்மையறியாமலே கடன் வாங்கிக்கொள்வதைக் காண்கிறோம்.

இங்கிலாந்தில் நடுத்தர வயதைக் கடந்த ஒருவரிடம் ஹாலோவீனைப் பற்றிக் கேட்டால், “அமெரிக்கர்கள் நம் தலையில் கட்டிய குப்பை” என்ற விடை பெரும்பாலும் வரும். அங்குள்ள நாளேடுகளில் ஆண்டுதோறும் இதே முணுமுணுப்பு அச்சாகிறது. விந்தை என்னவென்றால், அந்த வழக்கம் அமெரிக்காவுக்குப் போனதே இவர்களுடைய தீவுகளிலிருந்துதான். 1840களில் அயர்லாந்தைச் சூறையாடிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் கப்பலேறிய பல இலட்சம் ஐரிஷ் மக்களும், அவர்களுக்கு முன்னும் பின்னும் சென்ற ஸ்காட்லாந்து மக்களும் இதைத் தம்மோடு எடுத்துச் சென்றார்கள். பிறந்த மண்ணில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்காவில் குடைய எளிதான பெரிய பரங்கிக்காயைக் கண்டுகொண்டார்கள். (நாமும் அக்காயை அயலாரின் பெயரால்தான் ‘பரங்கி’க்காய் என்கிறோம், அமெரிக்கக் கண்டத்துச் செடி அது.) பிறகு திரைப்படம், தொலைக்காட்சி, பேரங்காடி ஆகியவற்றின் வழியே அதே வழக்கம் புது ஆடை அணிந்து இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தது. 1982இல் வந்த ‘ஈ.டி.’ திரைப்படத்தில் பிள்ளைகள் வேடமிட்டுத் தெருவில் திரியும் காட்சியைக் கண்டு வியந்த பிரிட்டிஷ் சிறுவர்கள் இன்று பெற்றோராக இருக்கிறார்கள்.

இந்த எரிச்சல் பெரும்பாலும் இங்கிலாந்துக்கே உரியது. ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகச் செல்வது பழைய வழக்கம். அங்கே சும்மா கேட்டால் எதுவும் கிடைக்காது; ஒரு பாட்டோ, கவிதையோ, நகைச்சுவைத் துணுக்கோ சொன்ன பிறகே ஆப்பிளும் கொட்டைகளும் கைக்கு வரும். வட அயர்லாந்தின் டெரி நகரில் ஹாலோவீன் பெருந்திருவிழாவாகவே நடக்கிறது. இங்கிலாந்தில் இது தேய்ந்ததற்குக் காரணம் 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தம். இறந்தோருக்கான வேண்டுதலைச் சீர்திருத்தத் திருச்சபை ஒழித்தபோது, அப்பத்துக்கும் வேலையில்லாமல் போயிற்று. பின்னர் வேறொரு நாள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1605 நவம்பர் 5ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டடத்தை வெடிமருந்தால் தகர்க்க முயன்று பிடிபட்ட கத்தோலிக்கக் குழுவினருள் ஒருவரான கை ஃபாக்ஸின் உருவ பொம்மையை எரிக்கும் நாள் அது. அதைக் கொண்டாடுமாறு சட்டமே இயற்றினார்கள். 1859 வரை அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. அந்த பொம்மையைத் தெருவில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் காசு கேட்பது அண்மைக்காலம் வரை இயல்பாக இருந்தது. அதைப் பிச்சை என்று எவரும் சொல்லவில்லை. ஐந்து நாள் முன்னதாக மிட்டாய் கேட்டால் பிச்சை ஆகிவிடுகிறது!

நவம்பர் 5ஐப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் கடக்க மனமில்லை. ஒரு சிறுபான்மைச் சமயத்தைச் சேர்ந்த சிலர் செய்த சதி, அச்சமயத்தார் அனைவர் மீதும் தலைமுறை தலைமுறையாகச் சந்தேகத்தைச் சுமத்தியது. 1829 வரை கத்தோலிக்கர் ஒருவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமர முடியவில்லை. ஹாலோவீனைத் தவிர்க்கும் நம் பிள்ளைகள் வாணவேடிக்கை பார்க்க மட்டும் மகிழ்ச்சியோடு கிளம்புகிறார்கள். அந்த நெருப்பு எதற்காக முதலில் மூட்டப்பட்டது என்பதை, பிரிட்டனில் முஸ்லிமாக வாழும் பெற்றோர் ஒருமுறையேனும் பிள்ளைகளோடு பேச வேண்டாமா?

அமெரிக்கரின் மனநிலை வேறு. நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன்கள் இத்தகைய திருநாட்களை வெறுத்தவர்கள். பின்னால் வந்த குடியேறிகளால் 19ஆம் நூற்றாண்டில் ஹாலோவீன் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது இளைஞர்களின் அட்டகாச இரவாக மாறிற்று. வேலிக் கதவுகளைப் பெயர்ப்பது, சன்னல்களை உடைப்பது, வண்டிகளைக் கவிழ்ப்பது என்று நகரங்கள் திணறின. அதை அடக்க ஊர்ப் பெரியவர்களும் பள்ளிகளும் கண்ட வழிகளுள் ஒன்றுதான், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தின்பண்டம் கொடுத்து அமைதியாக்குவது. “தின்பண்டம் தா, இல்லையேல் குறும்பு செய்வேன்” என்ற அந்த ஒப்பந்தம் இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு முடிந்த பிறகு நாடெங்கும் பரவியது. 1950இல் பிலடெல்பியாவில் சில பிள்ளைகள் மிட்டாய்க்குப் பதிலாக ஐ.நா.வின் குழந்தைகள் நிதியத்துக்கு நாணயம் திரட்டத் தொடங்கினார்கள். அந்த நற்செயல் பல்லாண்டுகள் நீடித்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இன்று அது பெருவணிகம். 2023ஆம் ஆண்டில் ஹாலோவீனுக்காக அமெரிக்கர்கள் 1,220 கோடி டாலர் செலவிடுவார்கள் என்று அந்நாட்டின் சில்லறை வணிகக் கூட்டமைப்பு மதிப்பிட்டது. கடிகாரமும் இவ்வணிகத்துக்கு வசதியாக அமைந்திருக்கிறது. கோடைக்கால நேரத்தை நவம்பர் முதல் ஞாயிறு வரை நீட்டிக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி 2007இல் நடைமுறைக்கு வந்தது. ஹாலோவீன் மாலையில் ஒரு மணி நேர வெளிச்சம் கூடுதலாகக் கிடைப்பதை மிட்டாய்த் தொழில்துறையினர் நெடுங்காலமாகக் கேட்டு வந்தார்கள்.

ஆனால் இந்தக் கொண்டாட்டத்தின் நடுவே ஆழமான அச்சம் ஒன்று குடியிருக்கிறது. 1982இல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ வலி மாத்திரையில் சயனைடு கலந்ததால் 7 பேர் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் ஹாலோவீன் வந்தபோது, பிள்ளைகள் கொண்டுவந்த மிட்டாய்களைப் பெற்றோர் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். நம் வாட்ஸ்அப் குழுமங்களில் திரியும் நஞ்சு மிட்டாய்க் கதை இந்த அச்சத்தின் பேரப்பிள்ளை. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதல் வெளிவந்த செய்திகளைப் பல ஆண்டுகள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். வாசலுக்கு வந்த பிள்ளையை அந்நியர் ஒருவர் நஞ்சூட்டிக் கொன்றதாக உறுதிப்பட்ட நிகழ்வு எதையும் அவர் காணவில்லை. 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் நஞ்சிட்ட இனிப்பால் இறந்தது உண்மை. அதைக் கொடுத்தவர், காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய சொந்தத் தந்தை.

வாசலில் நின்ற அந்நியனுக்கு நேர்ந்ததோ மறக்கக் கூடாத ஒன்று. 1992 அக்டோபரில் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில், ஜப்பானிலிருந்து படிக்க வந்திருந்த 16 வயது மாணவர் ஒருவர், ஹாலோவீன் விருந்துக்குப் புறப்பட்டுத் தவறான வீட்டின் மணியை அடித்தார். அவ்வீட்டுக்காரர் அவரைச் சுட்டுக் கொன்றார். குற்றவியல் வழக்கில் நடுவர் குழு அவரை விடுதலை செய்தது. அண்டை அயலாரின் கதவுகளைத் தட்டுமாறு ஓரிரவு மட்டும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மற்ற நாட்களில் கதவு தட்டப்பட்டால் துப்பாக்கியைத் தேடும் மனநிலையும் அங்கே உண்டு. இங்கிலாந்தின் எரிச்சலுக்கும் அமெரிக்காவின் உற்சாகத்துக்கும் அடியில் ஒரே கேள்வி இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது: முன்பின் அறியாத ஒருவர் வாசலில் நின்றால் என்ன செய்வது?

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கிறது. அண்டை வீட்டாரைச் சொத்தில் வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று தாம் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றி வலியுறுத்திக்கொண்டே இருந்ததாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இந்த நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் கேட்டுத் தலையசைக்கும் நாம், அக்டோபர் 31 மாலையில் வீட்டு விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, பிள்ளைகளை வாய் மூடச் சொல்லி, ஆளில்லாத வீடு போல் உட்கார்ந்திருப்பது சரியா?

அமெரிக்காவில் வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று பொருள். பிரிட்டனில் வாசலில் பரங்கிக்காய் வைத்த வீடுகளுக்கு மட்டுமே செல்வது நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது. எனவே, வராமலிருக்கச் செய்ய விரும்புவோர்க்கு மரியாதையான வழி அந்தந்த ஊர் வழக்கத்திலேயே இருக்கிறது. அதையும் மீறி அடுத்த வீட்டுச் சிறுமி மணியை அடித்துவிட்டால், கதவைத் திறந்து பேச வேண்டும் என்பதே நம் கருத்து. அவளுக்கு மிட்டாய் கொடுக்கலாமா? இதில் மார்க்க அறிஞர்கள் ஒரே கருத்தில் இல்லை. அது கொண்டாட்டத்துக்குத் துணைபோவது என்போர் உண்டு. அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது கொண்டாட்டமாகாது என்போரும் உண்டு. நாம் இரண்டாவது கருத்தின் பக்கம் சாய்கிறோம். முதல் கருத்தை ஏற்போரும், “எங்கள் வீட்டில் இதைக் கொண்டாடுவதில்லை கண்ணே, பெருநாளுக்கு வா” என்று சிரித்த முகத்தோடு சொல்லலாம் அல்லவா? அப்படிச் சொன்னால், பெருநாளன்று வட்டிலப்பமோ பிரியாணியோ அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வீடு வீடாகப் போவதே இழிவு என்ற இங்கிலாந்துக்காரரின் வாதத்தை நாம் எடுத்தாள வேண்டியதில்லை. வளைகுடாவில் பணியாற்றும் நம்மவர்கள் அறிவார்கள்: குவைத்திலும் கத்தரிலும் ரமளான் நடுவில் பிள்ளைகள் பை தூக்கிக்கொண்டு, பாடிக்கொண்டு வீடு வீடாகச் சென்று கொட்டைகளும் இனிப்பும் பெறுகிறார்கள். ‘எல்லோரும் செய்கிறார்களே, வெறும் மிட்டாய்தானே’ என்ற அமெரிக்க வாதமும் நமக்கு உதவாது. வேடத்தில் மட்டும் என்ன இருக்கிறது என்போர்க்கு அமெரிக்க மாணவர்களே விடை சொல்லியிருக்கிறார்கள். 2011இல் ஒஹாயோ பல்கலைக்கழக மாணவர் அமைப்பு ஒன்று, பிறருடைய பண்பாட்டை ஹாலோவீன் வேடமாக்குவதைக் கண்டித்துச் சுவரொட்டிகளை வெளியிட்டது. அரபு உடையில் குண்டு கட்டிய வேடமும் அவற்றுள் சுட்டிக்காட்டப்பட்டது. பிரிட்டனில் 2013இல் மனநோயாளி போன்ற வேட உடையை விற்ற இரு பேரங்காடி நிறுவனங்கள் பொதுமக்களின் கண்டனத்தால் அவற்றைத் திரும்பப் பெற்றன. யாரை அச்சத்துக்குரியவராக்கிச் சிரிக்கிறோம் என்ற கேள்வியை அந்நாட்டவரே எழுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

பள்ளியில்தான் நம் பிள்ளைகளுக்கு உண்மையான நெருக்கடி. இங்கிலாந்தில் அரைப்பருவ விடுமுறை பெரும்பாலும் அவ்வாரத்தையொட்டி வருவதால் பாதிச் சிக்கல் தானே தீர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் பள்ளி திறந்திருக்கும். வகுப்பில் வேட ஊர்வலமும் நடக்கும். ஆசிரியரிடம் முன்கூட்டியே இரண்டு வரிக் கடிதம் கொடுத்தால் போதும். யெகோவாவின் சாட்சிகள், மரபு வழுவாத யூதர்கள், பல சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகளும் விலகியே இருப்பதால் ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. நம் பிள்ளையிடம், “நீ மட்டும் தனியாக இல்லை” என்று சொல்லவும் இது உதவும்.

சில ஊர்களில் நம்மவர்கள் அதே இரவில், அதே ஆரஞ்சு நிறத் தோரணங்களோடு ‘ஹலால் ஹாலோவீன்’ நடத்துகிறார்கள். இதில் நமக்கு உடன்பாடில்லை. மதீனாவாசிகள் விளையாடிக் களித்த இரு நாட்களுக்குப் பதிலாக அவற்றைவிடச் சிறந்த இரு பெருநாட்களை அல்லாஹ் தந்திருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். பல வீடுகளில் அப்பெருநாள், தொழுகை முடிந்து உண்டு உறங்கும் அரை நாளாகச் சுருங்கிவிட்டதை முதலில் சரிசெய்வோம்.

அன்றைய மாலைக்கு இன்னொரு நபிமொழியும் பொருந்துகிறது. இருள் சூழும் வேளையில் பிள்ளைகளை வீட்டுக்குள் இருத்திக்கொள்ளுங்கள், அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவை அடையுங்கள், சற்று நேரம் கழிந்த பின் பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அது. லண்டனில் அக்டோபர் 31 அன்று சூரியன் மாலை 4.35 அளவில் மறைந்துவிடும்; கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்திருப்பார்கள். நியூயார்க்கில் மஃரிப் 5.50ஐக் கடந்துதான். இரண்டு ஊரிலும் மஃரிபைக் குடும்பத்தோடு தொழுது, சற்று அமர்ந்து ஓதி முடிக்கும்போது தெருவில் இன்னும் பிள்ளைகளின் நடமாட்டம் இருக்கும். கொடுக்க விரும்புவோர் மிட்டாய் உறையில் ஜெலட்டின் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மிஞ்சுவதைத் தின்னப்போவது நம் பிள்ளைகள்தானே.